சுவர் எங்களுடையது, பாவு இல்லை

சுவர் விழுந்தபோது என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அதனால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்த்திகை மழை, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைத் தரையில் இறக்கிய மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் தறி இருக்கும் அறைக்குள் வெளிச்சம் வந்திருந்தது.

வீட்டின் முன்பக்கம் பேங்க் கடனில் கட்டியது. கான்கிரீட். பின்னால் தறி அறை பழசு. மண் வைத்துக் கட்டிய செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஷீட். அந்தச் சுவரில் பாதி சரிந்து தறிமேல் கிடந்தது. கால் வைத்து மிதிக்கும் குழியில் சேறு நிரம்பிவிட்டது. தறியில் பட்டுப் பாவு, நீளவாக்கில் ஓடும் இழை, ஏற்றியிருந்தது. ஒரு புடவை முடிந்து கட்டையில் சுற்றியிருந்தது. அடுத்தது பாதிக்கு மேல் வந்திருந்தது. சிவப்பு உடல், பச்சைக் கரை.

அந்தப் பாவு எங்களுடையது இல்லை. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். கெட்டுப்போனால் நாங்கள்தான் ஈடு கட்ட வேண்டும்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கடன் கொடுத்தபோது பேங்கில் போட வைத்தார்கள். வருஷா வருஷம் கணக்கிலிருந்து அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ஒரு புடவைக் கூலியில் பாதிகூட இருக்காது. அதனால் நான் ஒன்றும் கேட்டதில்லை. பாலிசி இங்கிலீஷில் இருந்தது. நான் எட்டாவது வரைதான். வாங்கி பீரோவில் துணிக்கு அடியில் வைத்ததோடு சரி.

அதை எடுத்து, அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள்.

"சேதத்தைக் கணக்கெடுக்க சர்வேயர் வந்து பார்ப்பாருங்க மேடம். அதுவரைக்கும் எதையும் நகர்த்தாதீங்க. விழுந்தது விழுந்த மாதிரியே இருக்கணும்."

"எப்ப வருவாரு?"

"மழையால நிறைய இடம் இருக்குங்க. ரெண்டு மூணு நாள் ஆகலாம்."

"அடியில பட்டு கீதும்மா. நனைஞ்சிகினு இருக்குது."

"பட்டு உங்களோடதா? பில் உங்க பேர்ல இருக்குங்களா?"

"இல்ல. முதலாளிது."

"அப்ப அது இந்தப் பாலிசியில வராதுங்க."

"தறி?"

கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "வீட்டுல தொழில் நடக்குதுங்களா மேடம்? இதுல குடியிருப்பு மட்டும்னு இருக்கு."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பேங்கில் கேட்டது ஞாபகம் இருந்தது. "வீடு குடியிருக்க மட்டும்தானே?" என்றார்கள். "ஆமா சார்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். மறைக்க நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வீட்டுத் தறியைத் தொழில் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. கடை வைத்தால் தொழில். ஷெட் போட்டுப் பவர்லூம் ஓட்டினால் தொழில். தறி வீட்டில் இருப்பது அடுப்பு இருப்பது மாதிரி. அடுப்பு இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

இப்போது அந்த ஒரு வார்த்தையால் சுவருக்கும் ஒன்றும் வராமல் போய்விடுமோ என்று பயம் வந்தது. கையில் சுவர் எழுப்பப் பணம் இல்லை. சுவர் இல்லாமல் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கடன் தவணை நிற்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று.

என் கொழுந்தனார் களம்பூர் ரைஸ் மில்லில் லாரி ஓட்டுகிறவர். சேதி கேட்டு மழையிலேயே வந்தார்.

"அண்ணி, ஒரு கல்லக்கூட தொடாதீங்க. என் லாரி சாஞ்சப்ப பம்பரைக் கயிறு போட்டு கட்டினேன். அதுக்கே நீ ஏன் தொட்டேன்னு இன்சூரன்ஸ்காரன் பேஜாரு பண்ணிட்டான்."

"லாரில நெல்லு இருந்துதே, அத்த இன்னா பண்ண?"

"அது மில்லுக்காரன் நெல்லு. அவன் வந்து அள்ளிகினு போனான்."

"இதுவும் முதலாளி பட்டுதான். அவுரு வந்து அள்ளிகினு போவாரா?"

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

என் வீட்டுக்காரர் தறி அறை வாசற்படியில் உட்கார்ந்து தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கி எடுத்தா பாதியாவது தேறும். நாளைக்கி எடுத்தா ஒண்ணும் தேறாது" என்றார். அது எனக்கும் தெரியும். ஈரப் பட்டு மூடிக் கிடந்தால் பூசணம் பிடிக்கும். சிவப்பிலிருந்து சாயம் இறங்கிக் கரையில் ஏறும். அப்புறம் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது.

சர்வேயர் வரும்வரை விட்டால் பட்டு போகும். பட்டை எடுத்தால் சுவர்ப் பணம் போகும். அப்படித்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

"போட்டோ எடு" என்றேன் கொழுந்தனாரிடம். நாலு மூலையிலிருந்தும் எடுக்கச் சொன்னேன். குழியை எடுக்கச் சொன்னேன். சுவர் நின்ற இடத்தை எடுக்கச் சொன்னேன்.

"தறி தெரியுது அண்ணி."

"தெரியட்டும்."

அப்புறம் நானும் வீட்டுக்காரரும் உள்ளே போனோம். மீதிச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அது எந்த நேரமும் விழலாம். பாவின் மேல் கிடந்த கற்களை மட்டும் எடுத்தோம். எடுத்ததை அந்த அறையிலேயே ஓரமாக வைத்தோம். மற்றதைத் தொடவில்லை. வீட்டுக்காரர் பாவை அறுத்தார். பாதி நெய்த பாவை அறுத்து நான் பார்த்ததில்லை.

பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்றி அலசினோம். வாசற்கதவிலிருந்து சமையலறை வரை கயிறு கட்டிக் கூடத்தில் விரித்தோம். ஃபேன் போட்டோம். வீடு முழுக்கப் பட்டு. குனிந்துதான் நடக்க முடிந்தது.

சாயங்காலம் முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாவிடம் போனார். விரலால் தடவிப் பார்த்தார். ஜரிகையை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார்.

"பாவு தப்பிச்சுகிச்சி. ஜல்தியா எடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். "ஆனா நெய்ஞ்ச புடவையில கறை இருக்குதேம்மா."

"இருக்குதுங்க."

"அத்த வித்துப் பாக்கறேன். கொறையறது உங்க கூலியிலதான் புடிக்கணும்."

"புடிச்சிக்கோங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொருள், அவர் கேட்டார்.

அவர் போன பிறகு கொழுந்தனார் என் பக்கமாக வந்து நின்றார்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். பாவுதான் எடுத்தாச்சே. தறியையும் பிரிச்சி மாடியில போட்டுடலாம். மில்லுலருந்து நாலு மூட்டை உமி கொண்டாரேன். குழியில கொட்டி மேல மண்ணு போட்டா ஒண்ணும் தெரியாது. படுக்கற ரூமுன்னு சொல்லுங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று தெரிந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் பிடித்திருந்தது.

"மூடிட்டு திரும்ப யாரு தோண்டறது?" என்றேன். "சர்வேயரு இன்னொரு தபா வந்து பாத்தா இன்னொரு தபா மூடணுமா?"

"அப்ப பணம் வரலன்னா?"

"வரலன்னா வரல."

சொல்லிவிட்டேனே தவிர, சர்வேயர் வரும்வரை சோறு இறங்கவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். பால்காரராக இருக்கும்.

மழை விட்ட பிறகு சர்வேயர் வந்தார். சின்ன வயதுக்காரர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒரு செங்கல்லை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மண் உதிர்ந்தது. டேப் வைத்து அளந்தார்.

"கல்லை யார் நகர்த்தினது?"

"நாங்கதான். பட்டு இருந்துது." போனைக் காட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். தனக்கு அனுப்பச் சொன்னார்.

"தறி இருக்குன்னு பாலிசியில இல்லையே?"

"கேட்டப்ப சொல்லத் தெரியல. அது தொழிலுன்னு தோணல."

"எத்தனை தறி? ஆள் வெச்சு நெய்யறீங்களா?"

"ஒண்ணு. நாங்க ரெண்டு பேருதான்."

எழுதிக்கொண்டார். "வீட்டோட மதிப்பு மொத்தம் எவ்வளவுன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். பக்கத்து வீடு விற்ற விலையை வீட்டுக்காரர் சொன்னார்.

"அது மனையும் சேர்த்த விலைங்க. மனை மழையில எங்கயும் போகாது. கட்டடத்துக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ். விழுந்ததைத் திரும்பக் கட்ட இன்னா செலவோ அதுதான் கணக்கு. சுவரு பழசு, அதுக்கும் கழிப்பாங்க."

"தறி இருக்கறதால இல்லன்னுடுவாங்களா?"

"நான் பாத்ததை எழுதறேம்மா. முடிவு எடுக்கறது ஆபீஸ்ல."

டீ வேண்டாம் என்றுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் காத்திருந்ததுதான் கஷ்டம். பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தோம். காற்றடித்தால் அது படபடக்கும். எனக்கு உள்ளேயும் அப்படித்தான். போனில் மெசேஜ் வந்தால் கை ஈரத்தைத் துடைத்துவிட்டு ஓடுவேன். ரீசார்ஜ் முடிகிறது என்று இருக்கும். வீட்டுக்காரர் வேறு வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்துவிட்டு வருவார். வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

பொங்கல் கழிந்து பணம் வந்தது. சுவருக்கு மட்டும். பழசுக்குக் கழித்து, பேங்க் வழியாக. தறிக்கு இல்லை. பட்டுக்கு இல்லை. சுவர் எழுப்பும் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதிக்கு என் கம்மலை அடகு வைத்தேன். இந்தத் தடவை சிமென்ட் வைத்துக் கட்டினோம்.

பாலிசி புதுப்பிக்கும் மாசம் நானே பேங்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவரிடம், "வீட்டுல தறி இருக்குதுங்க. எழுதிக்கோங்க" என்றேன்.

"அப்ப பிரீமியம் கூட வருமேம்மா. தறிக்குத் தனியாப் போடணும்."

"போடுங்க."

எதெது வரும், எதெது வராது என்று தமிழில் சொல்லச் சொன்னேன். பின்னால் ஆள் நின்றார்கள். நான் நகரவில்லை. சொன்னார். சுவர், ஷீட், தறி வரும். மனை வராது. தறியில் ஏற்றியிருக்கும் பட்டு வராது.

"அது யார் பொருளோ அவங்கதான் போடணும்" என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எத்தனை வீட்டுல என் பாவு இருக்குது, எல்லாத்துக்கும் போட்டா நான் கடைய மூடிகினு போவ வேண்டியதுதான். பாக்கலாம்மா."

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதுப் பாவு கொடுத்தார். ஏற்றியிருக்கிறோம். நீலம்.

இப்போது வானம் கறுத்தால் முதலில் தறி அறைக்குத்தான் போகிறேன். பாவுக்குமேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துவிட்டு, புதுச் சுவரில் கையை வைத்துப் பார்க்கிறேன். மாடியில் காயும் துணி அதற்கப்புறம். சில நாள் நனைந்துவிடுகிறது.