நார்ப் பிலார்ஸ்கி தோல்விக்கு வேண்டிக்கொண்ட ஞாயிறு

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் புல் ஒழுங்காக முளைக்காது. பஃபலோவுக்குத் தெற்கே, அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கிறோம். ஆட்டம் நடக்கிற ஞாயிறெல்லாம் வாசல், கொல்லை என்று பார்க்காமல் வெளியூர்க் கார்களைக் காசுக்கு ஏற்றி நிறுத்துவதுதான் இந்தத் தெருவுக்குப் பழக்கம். நார்ப் பிலார்ஸ்கியின் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. நார்ப் என் பக்கத்து வீட்டுக்காரர். இரும்பாலை மூடுகிறவரை அங்கே இருந்தார். அப்புறம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். இப்போது முட்டி போய்விட்டது. எதிரே மைதானம் இருந்தும் அவர் உள்ளே போய் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கார்களை நிறுத்திவிட்டுக் கொட்டகையில் சின்ன டிவி முன்னால் என்னோடு உட்காருவார். அங்கே கூட்டம் போடுகிற கூச்சல் முதலில் காதில் விழும், டிவியில் படம் பின்னால் வரும். கூச்சலை வைத்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார்.

செப்டம்பரில் முதல் ஆட்டத்தன்று காலையில் இந்த ஊரில் எல்லாருக்கும் வயது குறைந்துவிடும். சாயங்காலத்துக்குள் அது திரும்பி வந்துவிடும். நார்ப்புக்குக் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. "இந்த வருஷமும் நம்மள அழ வைக்கப் போறானுங்க" என்று சொல்லிக்கொண்டே, கார்களுக்குக் கை காட்டும்போது போடுகிற ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டுவார். ஆனாலும் மாட்டாமல் இருந்ததில்லை.

மகள் ரெனாட்டா பிறந்ததே செப்டம்பர் இரண்டாம் வாரம். பிறந்தநாள் வருஷா வருஷம் முதல் ஆட்டத்தோடு போய் முட்டும். யாரோ ஒருவருடைய காரின் முன்பக்கத்தில் கேக்கை வைத்து அந்தப் பெண் வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவள் கல்யாண விருந்தில் அப்பாவும் மகளும் ஆடுகிற நேரம் வந்தபோது நார்ப்பைத் தேடி ஆள் போனது. சமையல்காரனோடு நின்று ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரெனாட்டா அன்றைக்கு அழவில்லை. சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த வருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. மார்ச் மாதமே தேவாலயத்துக் கீழ்க்கூடத்தை ஞானஸ்நான விருந்துக்குப் பேசிவிட்டாள். ஆட்ட அட்டவணை மே மாதம்தான் வரும். இங்கே யாரும் மே மாதத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கோ விருந்துக்கோ செப்டம்பர் ஞாயிறைத் தொட மாட்டார்கள். மாப்பிள்ளை மேற்குக் கரைக்காரன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. இவளுக்கு என்ன வந்தது? அட்டவணை வந்தது, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம், அதே ஞாயிறு, பகல் ஒரு மணி. ஞானஸ்நானம் மூன்று மணி, பக்கத்து ஊரான லாக்கவானாவில். தெருவே சிரித்தது.

ரெனாட்டா அப்பாவிடம் வந்து சொன்னாளாம். நார்ப்தான் எனக்குச் சொன்னார்.

"'நீங்கதான் ஞானத்தகப்பன். மூணு மணின்னா மூணு மணி. இந்த ஒரு தடவ கேக்கறேன்ப்பா, இனிமே கேக்க மாட்டேன்'கறா. கோவமா சொல்லியிருந்தா பரவால்லடா லென். சாதாரணமா சொல்றா. உப்ப எடுங்கன்னு சொல்ற மாதிரி."

அதற்குப் பிறகு கோடை முழுக்க அவர் அந்த ஞாயிறைப் பற்றித்தான் பேசினார்.

திட்டம் ரொம்ப சுலபம். வருஷக்கணக்காக வருகிறவர்களை இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் பகல்வரை கார்களை நிறுத்துவது. ஆட்டம் தொடங்கியதும் சாலை காலியாகும். உடனே கிளம்பிவிடுவது. டிவியைப் போடவே கூடாது, போட்டால் உட்கார்ந்துவிடுவோம் என்று அவருக்கே தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுவழி, கடைசியில் கொட்டகைகள், அவர் காரும் என் டிரக்கும் உள்ளே. வழியின் வாயில் பிளாஸ்டிக் கூம்பு வைத்து, யாரும் ஏறாமல் காலியாக வைத்திருப்போம். என் பெண்டாட்டியும் அவர் மனைவி ஐரீனும் காலையிலேயே போய்விட்டார்கள்.

அன்றைக்கு நார்ப் கோட்டுக்கான பேண்ட்டும் மினுக்கின காலணியும் போட்டு, மேலே ஆரஞ்சு ஜாக்கெட்டோடு புல்லில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். வந்தவனெல்லாம் கேலி.

"என்ன பெருசு, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"பேத்திக்கு ஞானஸ்நானம்டா. வண்டிய இன்னும் உள்ள தள்ளு."

"இன்னிக்கா? முதல் ஆட்டத்தன்னிக்கா? எந்தப் புண்ணியவான் வச்சது?"

"என் பொண்ணு. வாய மூடிட்டு வண்டியத் தள்ளு."

சால் டிஃபாசியோவும் வந்தான். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு எப்போதும் ரோட்டை ஒட்டிய முதல் வரிசை, ஏனென்றால் ஆட்டம் கைவிட்டுப் போனால் நாலு கட்டத்தில் மூன்றாவதிலேயே எழுந்து வந்துவிடுவான். நார்ப்புக்குப் பாதியில் வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

"மூணாங்கட்டத்து மகாராசா வந்துட்டார். இன்னிக்கு எத்தன மணிக்கு ஓடறதா உத்தேசம்?"

"நான் ஓட மாட்டேன் நார்ப். இந்த வருஷம் நம்ம வருஷம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. போ, போ."

புல் நிரம்பிவிட்டது. மைதானத்தில் தேசிய கீதம் கேட்டது. நார்ப் ஜாக்கெட்டைக் கழற்றக் கையை வைத்தபோது சாம்பல் நிற வேன் ஒன்று வந்து நின்றது. உள்ளே தடித்த ஆள், வியர்த்துக் கொட்டுகிறது, முகத்தில் பாதிக்கு நீலச் சாயம்.

"அண்ணே, ஒரே ஒரு இடம்ணே. பென்சில்வேனியாலருந்து விடியல்ல கிளம்பினேன், டயர் போயிடுச்சு. முதல் உதைய பாக்காம போனா இந்த வருஷமே விளங்காதுண்ணே."

இடமில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் நார்ப் கூம்பைக் கையில் எடுத்துவிட்டார். வருஷத்தின் முதல் உதையை ஒருத்தன் தவறவிடுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த நிமிஷத்தில் வேறு எதுவும் அவர் தலையில் இல்லை.

"உள்ள விடு, உள்ள விடு! ஓடுய்யா! பந்த உதைக்கறதுக்குள்ள போய்ச் சேரு!"

வேன் பொதுவழியில் ஏறி நின்றது. அந்த ஆள் கதவை அடித்துச் சாத்திவிட்டு அந்த உடம்போடு எப்படித்தான் ஓடினானோ, ஓடினான். எதிரே கூச்சல் வானத்துக்கு எழுந்தது.

"அண்ணே, சாவி வாங்கினீங்களா?" என்றேன்.

நார்ப் கையில் கூம்போடு வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேன் பூட்டியிருந்தது. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. இரண்டு பக்கமும் கார்கள், பின்னால் வேலி. தெருவில் எல்லாக் கொட்டகையும் இப்படித்தான் அடைத்துக் கிடந்தது. வாடகைக் கார்க்காரன் ஆட்டம் முடிகிறவரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். நார்ப் முனையில் நின்ற போலீஸ்காரரிடம் நொண்டிக்கொண்டே போனார்.

"உள்ள ஒரு அறிவிப்பு சொல்லச் சொல்ல முடியுமா? சாம்பல் வேன்காரன வெளிய வரச் சொல்லி."

"உயிர் போற விஷயமா?"

"பேத்தி ஞானஸ்நானம்."

போலீஸ்காரர் சிரித்தார். "முதல் ஆட்டத்தன்னிக்கு ஞானஸ்நானம் வச்சது யாருங்க?"

திரும்பி வந்து கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். ஐரீனுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவளுக்குத் தெரிஞ்சா ரெனாட்டாவுக்குத் தெரியும். 'பாத்தியா, அப்பாதானே'ன்னுவா. மூணு மணிக்கு முன்னால எப்பிடியாவது போயிடலாம்."

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. அப்போதுதான் மைதானத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. எழுபதாயிரம் பேர் ஒன்றாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது போன்ற சத்தம். நார்ப் தலையைத் தூக்கினார்.

"பந்த விட்டுட்டானுங்க" என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா விடட்டும்" என்றார்.

நான் சரியாகக் காதில் விழாதவன்போல இருந்தேன். அறுபது வருஷமாக அந்தக் கும்பலுக்காகத் தொண்டை கிழியக் கத்தின மனுஷன்.

"நல்லா அடி வாங்கட்டும்டா. நாறிப்போகட்டும். அந்த வேன்காரன் வெறுத்துப்போய் வெளிய வரணும். வேற வழி இல்ல."

இடைவேளைக்குள் பதினேழுக்குப் பூஜ்யம், பூஜ்யம் எங்களுக்கு. ஆட்கள் ஒவ்வொருவராக மைதானத்தை விட்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் புது ஆட்டக்காரன் பேர் போட்ட பனியனைக் கழற்றி எங்கள் குப்பைத் தொட்டியில் போட்டாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். ஒருத்தன் போனில் ரேடியோக்காரனைப் பிடித்து, பயிற்சியாளரை இன்றைக்கே துரத்த வேண்டும் என்று கத்திக்கொண்டே நடந்தான். ஒரு கிழவர் வேலியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார்.

"அவ்ளோதான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"இது முதல் ஆட்டம்ங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.

ஒவ்வொரு கார் கிளம்பும்போதும் நார்ப் எழுந்து கை காட்டி வழி விட்டார். வழக்கமாகப் பாதியில் வருகிறவனை ரோடுவரை திட்டிக்கொண்டே போவார். இன்றைக்குத் திட்டவில்லை. ஒவ்வொருவனிடமும் ஒன்றையே கேட்டார்: "பாதி முகம் நீலமா ஒரு தடியன், எழுந்திருச்சானா?"

இருபத்துநாலுக்கு மூணு என்று ஆனபோது ஒருத்தன் சொன்னான்: "அவனா? எங்க வரிசைக்குக் கீழதான். சட்டையக் கழட்டிட்டு நிக்கறான். அவன் கடைசி நொடி வரைக்கும் நகர மாட்டான் பெருசு. இருந்தா அப்பிடி இருக்கணும்."

நார்ப் தலையை ஆட்டினார். அவரே வேறு நாளாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அடுத்து வந்தது சால். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக வந்தான்.

"சொல்லு நார்ப். சீக்கிரம் சொல்லி முடி."

"சால், லாக்கவானா வரைக்கும் எங்கள விடுவியா?"

சால் என்னைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், மினுக்கின காலணியைப் பார்த்தான். "ஏறுங்க" என்றான்.

கார் முழுக்க ரொட்டி வாசனை. நார்ப் முன்னால், நான் பின்னால். சால் ரேடியோவைப் போட்டான். பெரிய சாலையில் ஏறுவதற்குள் எங்கள் ஆள் ஒருத்தன் பந்தைப் பறித்து எல்லைவரை ஓடிவிட்டான். ரேடியோக்காரனுக்குக் குரல் உடைந்தது. அடுத்த நிமிஷமே இன்னொரு பறிப்பு. இருபத்துநாலுக்குப் பதினேழு. சால் காரை மெதுவாக்கினான்.

"நார்ப்... அடுத்த திருப்பத்துல திரும்பினா கடைசிக் கட்டத்துக்குப் போயிடலாம். நான் வெளிய வந்தாலே இப்பிடித்தான். நான் கிளம்பினாத்தான் அடிக்கறானுங்க."

"அப்ப நீ திரும்பிப் போனா மறுபடி தோப்பானுங்க. ஓட்டு."

"சும்மா சொல்லல, நார்ப். எப்பவாவது ஒரு தடவதான் இப்பிடி வரும்."

ரேடியோக்காரன் மறுபடி கூவ ஆரம்பித்தான். நார்ப் கையை நீட்டி அதை அணைத்தார்.

"யோவ், என் ரேடியோய்யா அது!"

"ஓட்டு சால்."

மிச்ச தூரத்தில் சால் இரண்டு தடவை ரேடியோவிடம் கையைக் கொண்டுபோனான், இரண்டு தடவையும் நார்ப் தட்டிவிட்டார்.

நாங்கள் போனபோது எல்லாரும் கீழ்க்கூடத்துக்கு இறங்கியிருந்தார்கள். சாமியாருக்கு அடுத்து வேறொரு தேவாலயத்தில் பூசை இருந்ததாம், காத்திருக்க முடியவில்லை. ரெனாட்டா வாசல் பக்கம் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"தண்ணி ஊத்தியாச்சுப்பா. உங்க இடத்துல அவரோட அண்ணன் நின்னார்."

"ஒருத்தன் கடைசி நேரத்துல வந்தாம்மா..."

"யாரோ ஒருத்தன் எப்பவும் கடைசி நேரத்துலதான்ப்பா வருவான்."

நான் சொல்லலாமா என்று பார்த்தேன். எதைச் சொல்வது? கூம்பை எடுத்தது அவர்தானே.

ரெனாட்டா பேச்சை மாற்றுகிறவளைப் போலக் கேட்டாள்: "எவ்ளோல இருக்கு? ஜெயிக்கறாங்களா?"

"தெரியல."

"தெரியலயா?"

"வழியில அணைச்சிட்டேன்."

அவள் நம்பவில்லை. கண்ணைத் திருப்பிப் பின்னால் நின்ற சால் பக்கம் பார்த்தாள். அவனுக்கு இவள் யாரென்றே அப்போதுதான் தெரியும்.

"சத்தியமா தாயி" என்றான் சால். "இருபத்துநாலுக்குப் பதினேழு, பந்து நம்ம கையில. என் கார்ல என் ரேடியோவ எனக்கே போட விடலம்மா இவரு. இப்பிடி ஒரு மனுஷன நான் பாத்ததில்ல."

ரெனாட்டா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் இதற்கு முன் அந்த முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். கோபம் போனது என்று சொல்ல மாட்டேன். குழந்தையை நீட்டினாள்.

"தலையப் புடிங்க. ஆட்டாதீங்க, இப்பதான் பால் குடிச்சா."

அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். ஐரீன் ஒரு தட்டில் பியரோகிக் கொழுக்கட்டையும் மாட்டிறைச்சி ரொட்டியும் வைத்து முன்னால் தள்ளினாள். திட்டுவதற்கு வீட்டில் நேரம் இருக்கிறது என்று அவள் முகம் சொன்னது. சால் அழையாத விருந்தாளியாகக் கூச்சப்படாமல் இரண்டாம் தட்டுக்குப் போய்விட்டான்.

நாலு மணி தாண்டி வெளியே தெருவில் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எங்கள் ஊரில் ஜெயித்தாலும் அடிப்பார்கள், தோற்றாலும் அடிப்பார்கள். கூடத்தில் இருந்த ஆண்கள் பாதிப் பேர் படியேறி ஓடினார்கள். ஒருவர் வாயில் ரொட்டியோடு ஓடினார். நார்ப் தலையைத் தூக்கினார், காதைக் கொடுத்தார். மறுபடி குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, நான் வச்சிக்கறேன்" என்றாள் ரெனாட்டா.

"முட்டி வலிக்குதும்மா."

முட்டி வலி உண்மைதான். நான் போய்க் கேட்டேன். கடைசி நொடியில் மூன்று புள்ளியில் தோற்றிருந்தோம். படியில் ஒருத்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான், அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம், அங்கே பார் என்று இன்னொருத்தன் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. நார்ப்பும் கேட்கவில்லை. ரெனாட்டா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த ஆறிப்போன பியரோகிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.