தாய் எங்கே?

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். கரும்புக் கொல்லையில் நரித் தொல்லை தாங்காமல், நாய்க்குட்டி வாங்க நானும் என் கணவரும் வில்லியனூர்ச் சந்தைக்குப் போனோம். ஒருவன் கூடை நிறையக் குட்டிகள் வைத்திருந்தான். ஒன்றுக்கும் கண்கூடத் திறக்கவில்லை.

"தொரை வூட்டுச் சாதிம்மா. கண்ணு தொறக்கறதுக்குள்ள எடுத்தாத்தான் உன்னையே தாயின்னு நெனைக்கும்."

"இதுங்க தாய் எங்க?"

"தாய் இன்னாத்துக்கும்மா?"

"கன்னுக்குட்டி வாங்கினா தாய் மடியப் பாக்காம புடிச்சிகினு வருவமா? காட்டுய்யா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு குட்டி என் விரலைச் சப்பியது. மனம் இளகியது. ஆனால் இதை வாங்கினால், அடுத்த சந்தைக்குத் தாயிடமிருந்து பிடுங்கிய இன்னொரு கூடை வரும். விரலை உருவிக்கொண்டேன்.

"சந்தையில மானத்த வாங்காதடி," என்றார் கணவர்.

"உன் மானம் இந்தக் கூடைக்குள்ளயா இருக்குது?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

பிறகு கரியமாணிக்கம் கிராமத்தில் ஒரு குடியானவர், வைக்கோல்போரடியில் தாயோடு குட்டிகளைக் காட்டினார். "தானா கஞ்சி நக்கட்டும், அப்பறம் வாம்மா," என்றார். காத்திருந்துதான் ஒன்றை வாங்கி வந்தேன். அதுவரை நரி கரும்பைத் தின்றது; ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

விரலைச் சப்பிய அந்தக் குட்டியை இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் நாளைக்கே ஒருவன் கூடையோடு வந்து நின்றால், முதலில் தாய் எங்கே என்றுதான் கேட்பேன்.