ஜாக்கிக்கு மேலே ராணி

என் மாமனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, பச்சைத் துணி விரித்து, பிரிட்ஜ் விளையாடுவார்கள். மாமனார் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாக்களுக்குத் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறியபோது புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் ஈப்போவில் வாத்தியார் வேலைக்கு வந்து, அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அவர் மகளை விரும்பிக் கட்டிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அது லேசான காரியமில்லை. மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், படத்துக்கு நின்றார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "இவர் ஸ்கூல் டீச்சர்" என்று அறிமுகம் செய்வார். "என் மருமகன்" என்று சொல்லமாட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அடிதடி சண்டைக்கார ஆள் நான், இந்த மனிதர் முன்னால் மட்டும் பூனையாகிவிடுவேன்.

பிரிட்ஜ் ஆட நாலு பேர் வேண்டும். நாலாவது ஆள் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டார். விளையாட்டு நின்றுபோனது. இதுதான் வழி என்று எனக்குப் பட்டது. நூலகத்தில் புத்தகம் எடுத்து, கட்டிலில் சீட்டைப் பரப்பி, மனைவியை எதிரில் உட்காரவைத்து மாதக்கணக்கில் படித்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு மாமனார் தனக்கு எதிர் நாற்காலியைக் காட்டி, "இருங்கோ" என்றார்.

எதிரணியில் அவருடைய இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மற்றவர் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்ததைவிட முற்றிய கேஸ்களைப் பிரிட்ஜ் மேசையில்தான் பார்த்திருப்பதாகச் சொல்வார்.

மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பேட் துரும்பு, பத்துப் பிடி எடுக்கவேண்டும், ஆடுகிறவன் நான். கூட்டாளியான மாமனார் தன் சீட்டுகளை மேசையில் விரித்துவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். விரித்த பிறகு கூட்டாளி வாய் திறக்கக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் ஜாடை காட்டக்கூடாது.

துரும்பில் என்னிடம் ஆஸ், ராஜா, ஜாக்கி, பத்து, ஐந்து. மாமனாரிடம் நாலு சின்னச் சீட்டுகள். வெளியே நாலே நாலு, அதில் ஒன்று ராணி. ஒன்பது துரும்பு நம் பக்கம் இருந்தால் மேலிருந்து இழு, ராணி தானாக விழும் என்பது புத்தகம். ஆஸை இறக்கினேன். எல்லாரும் ஸ்பேட் போட்டார்கள். ராஜாவை இறக்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் டைமன்ட் போட்டார். ஆகவே மிச்சமிருந்த ஒரே துரும்பான ராணி ஆஸ்பத்திரிக்காரர் கையில்.

அந்த இடத்தில் துரும்பை விட்டுவிட வேண்டும். மேசையில் மாமனாருக்கு கிளப்ஸில் மேல் சீட்டு மூன்றும் இருந்தன. அவற்றை ஓட்டி, என் கையில் தோற்கிற ஹார்ட்ஸ் ஒன்றைக் கழித்துவிட்டால் போதும். ராணி எப்போதாவது வெட்டிக்கொண்டு போகட்டும், அந்த ஒரு பிடி அவர்களுடையதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். கட்டிலில் இருபது தடவை ஆடியிருக்கிறேன்.

ஆனால் தோட்டத்தில் நாங்கள் விளையாடியது முன்னூற்றி நாலு என்கிற சீட்டாட்டம். சம்பள நாளன்று, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதுதான். அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரியது. அடுத்தது ஒன்பது, பிறகுதான் ஆஸ். ராணியை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். வெளியே ஒரே ஒரு துரும்பு, என் கையில் ஜாக்கி. படித்த புத்தகமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. ஜாக்கியைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தேன். தோட்டத்தில் அப்படித்தான் அடிப்பது. அடித்த கையோடு, விழுந்த நாலு சீட்டையும் பார்க்காமலே என் பக்கம் இழுத்து அடுக்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்காரர் மெதுவாக, "தம்பி, அதில ராணி கிடக்குது" என்றார்.

அடுக்கியதைத் திரும்பப் பிரித்தேன். ராணி இருந்தது. அவர் அந்தப் பிடியை எடுத்துக்கொண்டு ஹார்ட்ஸ் இறங்க, மூன்று பிடிகள் வரிசையாகப் போயின. ஒரு பிடி குறைந்து தோற்றேன். தோற்றதுகூடப் பரவாயில்லை. மேசையை அடித்த அடியும், அடுத்தவர் பிடியை இழுத்துக்கொண்ட கையும் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன. காது மடல் சுட்டது. மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முன்னூற்றி நாலு பழகின கை" என்று தன் சிநேகிதர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். தோட்டத்துக் கை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். புந்தோங்கில் அப்பாவைப் பார்க்கப் போனபோது, பால் கறை ஏறிய அவர் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு போகமாட்டேன் என்றேன். மனைவி விடவில்லை. போனால், மேசையில் பச்சைத் துணி இல்லை. சிநேகிதர்கள் வரவில்லை. அடுப்படியை விட்டு அந்த மேசைப் பக்கமே வராத மாமியார், கை துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டிலிருந்து ஆறு வரையான சீட்டுகளை மாமனார் முன்கூட்டியே பொறுக்கி ஓரமாக அடுக்கி வைத்திருந்தார். முன்னூற்றி நாலுக்கு அந்தச் சின்னச் சீட்டுகள் வேண்டியதில்லை.

"இண்டைக்கு இது விளையாடுவம். நீங்களும் மாமியும் ஒரு பக்கம்" என்றார். முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒரு கலகலப்பு.

பெண்களை உட்காரவைத்து, இவனுக்கு இதுதான் லாயக்கு என்று இறக்கிவிட்டார் என்று என் புத்தி சொன்னது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. ரோஷம் தலைக்கு ஏறியது.

"இது வேணாம் மாமா. பிரிட்ஜே விளையாடலாம்லா, எனக்கு வரும்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

மாமியார் மனைவியைப் பார்த்தார். மனைவி குனிந்துகொண்டாள். மாமனார், "விருப்பமில்லாட்டி விடுங்கோ" என்று சொல்லி, ஓரத்தில் இருந்த சின்னச் சீட்டுகளை எடுத்துக் கட்டுக்குள் சேர்த்துக் கலைத்தார். மாமியார் தேத்தண்ணீர் வைக்க எழுந்து போனார். மாமியாருக்குப் பிரிட்ஜ் தெரியாது, ஆகவே எதுவுமே விளையாடவில்லை. டிவியில் ஏதோ ஓடியது, பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளில் மனைவி பின்னால் உட்கார்ந்து வந்தாள். வாசலில் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"பிரிட்ஜ் வெளியாக்களோட விளையாடுறது. முன்னூற்றி நாலு எங்கட ஆக்களுக்குள்ள மட்டும்தான். அக்கா கலியாணம் கட்டின புதுசில அத்தானையும் இப்பிடித்தான் இருத்தினவர். உங்களுக்கும் அது தெரியுமெண்டு கண்டதில அப்பாக்குப் பெரிய சந்தோஷம். ஒரு கிழமையா அம்மாட்ட அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தவர்."

திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

மறு ஞாயிறு பச்சைத் துணி விரித்திருந்தது. சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். எண்பதுகள் முழுக்க அந்த மேசையில் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடினேன். துரும்பை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நன்றாக ஆடுகிறேன் என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். முன்னூற்றி நாலு விளையாடலாமா என்று கேட்க எத்தனையோ ஞாயிறுகள் வாயெடுத்தேன். வெட்கம் விடவில்லை. அவரும் பிறகு கூப்பிடவில்லை.