கந்தசஷ்டியில் வந்த முயல்கள்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, எங்கள் லிட்கம் வீட்டில் முருகனுக்கு அடுத்தபடியாக விரதத்துக்குக் காவல் இருந்தது நான்தான். கந்தசஷ்டி ஆறு நாளும் அம்மாவுக்குப் பாலும் பழமும் மட்டும். நான் சொக்லேட்டை விட்டிருந்தேன். அந்தத் தியாகத்தின் மிடுக்கில் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

நான்காம் நாள் மாமா மூன்று முயல்களோடு வந்தார். அம்மாவின் தம்பி. அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் நாலு வருடம் இருந்து, வெளியே வந்து மூன்று மாதமாக எங்கள் சோபாவில்தான் படுக்கை. தண்ணீர் எடுப்பதற்குக்கூட, "அக்கா, பிரிட்ஜைத் திறக்கட்டோ?" என்று கேட்பார். வேலைத்தலத்து நண்பர் தன் பண்ணையில் சுட்ட முயல்கள் அவை, துப்புரவாக்கியது மாமா. எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலாகக் கொண்டுவந்த பொருள் அதுதான். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததேயில்லை.

"குடலில கத்தி படக்கூடாது அத்தான். பட்டால் இறைச்சி பழுதாப்போயிடும்," என்று அப்பாவுக்கு விளக்கினார். கையுறை போட்டு, சுட்டவுடனேயே குடலை எடுத்து, ஈரலில் நோய்க்கு அடையாளமான வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, உடற்சூடு ஆறும்வரை நிழலில் தொங்கவிட்டு, பிறகுதான் பைகளில் இறுகக் கட்டி ஐஸ்பெட்டியில் அடுக்கினாராம்.

அம்மா பிரிட்ஜைப் பார்த்தார். உள்ளே சுவாமிக்குப் படைக்கும் பால் இருந்தது. நான் ஓடிப்போய்ப் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பரவாயில்லையக்கா, கராஜில வைக்கிறன்," என்றார். அன்று மாலையும் மறுநாள் காலையும் உருகிய நீரை வடித்து, பெற்றோல் நிலையத்தில் வாங்கிய புது ஐஸைப் போட்டார்.

அந்த மறுநாள் வெயில் கொளுத்தியது. மாமாவுக்கு ஓவர்டைம். பள்ளிக்கூடத்தால் வந்த நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதிக்குமேல் உருகி, பைகள் தண்ணீரில் கிடந்தன. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முருகன் என் பக்கம்தான் என்ற சந்தோஷத்தில் மூடிவிட்டு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உடுப்புத் தோய்க்க கராஜுக்குப் போன அம்மா பெட்டியைத் திறந்தார். தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தார். இன்னும் விறைக்கும் குளிர்தான். விரத நாளில் இறைச்சிக்கடை இருக்கும் தெருவாலேயே போகாதவர், மூன்று பைகளையும் துடைத்துத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். பிரிட்ஜின் ஃப்ரீசரில் இருந்த தேங்காய்ப்பூப் பைக்கற்றுகளை வெளியே எடுத்துப்போட்டு இடம்பண்ணினார்.

"அம்மா, விரதம்!" என்று கத்தினேன்.

"நாலு வருசமா ஆருக்காகப் பிடிச்ச விரதம் எண்டு நினைச்சாய்?" என்றார் அம்மா.

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

வேலை முடிந்து ஐஸ் மூட்டையோடு ஓடிவந்த மாமா, வெறும் பெட்டியைக் கண்டு திகைத்துப்போனார். "குசினிக்குள்ள இருக்கு, போய்ப் பாரடா," என்றார் அம்மா. மாமா போனார். ஒருவரிடமும் கேட்காமல் ஃப்ரீசரைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

எனக்கோ தோற்றுப்போன ஆத்திரம். "மாமா, குளிரெல்லாம் வெளிய போகுது. கதவைச் சாத்துங்கோ!" என்று அதட்டினேன்.

"ஓம் பிள்ளை, ஓம்," என்றார். சாத்தவில்லை.