சிக்னலுக்கும் பாடு உண்டு

வலைக்காரருக்கு வலை, தையல்காரருக்கு ஊசி, வாலிபர் ஊழியருக்குப் பவர் பேங்க். மூன்றாவது உண்மையை எந்த வேதாகமப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சனிக்கிழமைதோறும் மீஞ்சூரில் பஸ் ஏறிப் பழவேற்காட்டில் இறங்கி, ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சின்ன சபையில் பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகளுக்குக் கூட்டம் நடத்துகிறேன். பாட்டு, வேதபாடம், ஜெபம், சுண்டல். பிள்ளைகள் வருவது பாட்டுக்கும் சுண்டலுக்கும்தான். நடுவில் இருப்பதை எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். உடம்பு பாயில் உட்கார்ந்திருக்கும், உயிர் போனுக்குள் இருக்கும். இதே வயசுப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஓய்வுநாள் பள்ளி டீச்சர்களே, டியூஷன் மாஸ்டர்களே, பெற்ற வயிறுகளே, உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

விடியற்காலை விசுவாசி

பிள்ளைகளுக்காக வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு வசனம் அனுப்பி வந்தேன். மற்றவர்களிடமிருந்து மத்தியானத்துக்கு மேல் ஒரு கட்டைவிரல் வந்தால் அதுவே அதிகம். மோசஸ் மட்டும் வேறு ரகம். வசனம் போன மறு நிமிஷமே அவனிடமிருந்து 'ஆமென்' வந்துவிடும். ஒருநாள் தப்பாது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "இவனைப் பாருங்கள், கோழி கூவும் முன்னே வேதத்தைத் தேடுகிற பிள்ளை" என்று அரை பிரசங்கமே செய்துவிட்டேன். கூட இருந்த பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படியப்பா எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். மோசஸுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"எய்ந்துக்கிறதே இல்லக்கா. அப்பதான் கேம் முட்ச்சிட்டு படுக்கப் போவேன். உங்க மெசேஜ் வந்தாதான் விடிஞ்சிட்சின்னே தெரியும்."

நண்டுக் கூடை

இதைக் கேள்விப்பட்ட பாஸ்டர், கூட்டத்துக்கு உள்ளே போன் வரக் கூடாது என்று சட்டம் போட்டார். வாசலில் ஒரு நண்டுக் கூடை வைத்தோம். வருகிறவர்கள் வரிசையாக வந்து பவ்வியமாகப் போனைப் போட்டுவிட்டுப் போனார்கள். கூடை நிறைந்தது. பாஸ்டர் முகமும் நிறைந்தது. "பாருங்க சிஸ்டர், எடுத்துச் சொன்னா கேக்குற பிள்ளைங்க" என்றார்.

நான் நடுவில் இருந்த ஒரு போனை எடுத்துப் பார்த்தேன். பட்டன் போன். அதற்கடியில் இருந்தது கண்ணாடி உடைந்தது. அதற்கும் அடியில் இருந்ததற்கு பேட்டரியே கிடையாது. ஏலத்துக்குப் பொடி மீனைக் கொட்டிவிட்டுப் பெரிய மீனை வீட்டுக்கு அனுப்புகிற கதைதான். சந்தேகம் தீர, இன்னும் உள்ளே நுழையாமல் வெளியே நின்ற மோசஸின் நம்பருக்கு ஒரு கால் கொடுத்தேன். கூடை சும்மா இருந்தது, அவன் சட்டைப் பை பாடியது. அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"போனு போடுங்கன்னு சொன்னீங்க, போட்டோம். ஓடுற போனுன்னு சொல்லலியேக்கா."

குப்பம் பார்த்த ரீல்

எஸ்தர் எங்கள் கூட்டத்தின் குரல். அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்குப் பாட்டே வரும். ஒரு சாயங்காலம், கரையில் ஏற்றி வைத்திருந்த தன் அப்பாவின் ஃபைபர் படகின் முனையில் நின்று, சபைப் பாடல் ஒன்றைப் பாடி ரீல் போட்டாள். பின்னால் ஏரி தகதகக்கிறது, காற்றில் தாவணி பறக்கிறது, குரல் தேன். துபாயிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஊர் உலகம் அவள் குரலைக் கேட்டது, குப்பம் அவள் காலைப் பார்த்தது. காலில் புதுச் செருப்பு.

எங்கள் பக்கத்தில் யாரும் செருப்போடு படகில் கால் வைக்க மாட்டார்கள். அது சாப்பாட்டுத் தட்டை மிதிக்கிற மாதிரி. மீன் ஏலம் போடுகிற இடத்தில், ஐஸ் கடையில், டீக்கடையில் எல்லாம் அந்த ரீல் ஓடியது. போதாக்குறைக்கு மறுநாள் அவள் அப்பாவின் வலை காலியாக வந்தது. காற்று சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் அப்பா பெயர் யோனா. மீன்பிடிக்கிற குடும்பத்தில், வேதத்தில் பெரிய மீன் விழுங்கிய ஆளின் பெயரை வைத்த தைரியசாலி யாரோ தெரியாது. யோனா மகளின் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார். வாலிபர் கூட்டத்துக்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கூட்டத்தில் பெண்பிள்ளைகளே ஐந்து பேர்தான். யோனா நிறுத்திவிட்டார் என்றால் மற்ற நான்கு அப்பாக்களும் நிறுத்த நேரமாகாது. பாதிப் பாய் காலியாகிவிடும். அதைவிட, அந்தக் குரல் உத்திரத்துக்கடியில் சும்மா கிடக்கிறதே என்று எனக்கு நெஞ்சு வலித்தது. வீட்டுக்கே போய்ப் பேசினேன். அவள் பாடியது சினிமாப் பாட்டு இல்லையே ஐயா, ஆண்டவர் பாட்டுதானே என்றேன். யோனா வலையைக் கோத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"பாட்டு ஆண்டவருக்குப் பாடுனா, ஒத்துக்கிறேன் சிஸ்டர். செருப்ப யாருக்குப் போட்டுனு நின்னா?"

மணிக்கம்பத்து மேடை

எங்கள் சபைக்குத் தகரக் கூரை. உள்ளே சிக்னல் எட்டிப் பார்க்காது. நாலு அடி வெளியே வந்தால் போன் ஏரியைத் தாண்டிப் போய் ஆந்திராவைப் பிடித்துக்கொண்டு நம்மைத் தெலுங்கில் வரவேற்கும். நல்ல சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மணிக்கம்பம் நட்டிருக்கிற சிமென்ட் மேடை. அதிலும் ஒரு ஆள் நின்றால் ஓடும், இரண்டு பேர் நின்றால் இருவருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் முடிந்ததும் அங்கே நடக்கிற தள்ளுமுள்ளு சொல்லி மாளாது. ஒருநாள் ஒருவன் போன் மணலில் விழுந்து, அவன் சட்டையை இவன் பிடித்து, நான் நடுவில் புகுந்து என் கண்ணாடி கோணிப்போனது. இனி ஒருவரும் மேடை ஏறக் கூடாது என்று கத்தினேன். அப்போதுதான் மோசஸ், "பாடு போட்டுக்கலாங்கா" என்றான்.

ஏரியில் மீன் விழுகிற இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் என்றைக்கு எந்த இடத்தில் யார் வலை இறக்குவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. ஒருவருடைய பாடு அன்றைக்கு இன்னொருவர் அங்கே வலை இறக்கவே மாட்டார். அதே மாதிரி சிக்னலுக்கும் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முடிவானது. பாடு ஆம்பிளைகளுக்குத்தான் என்று ஒரு பையன் ஆரம்பித்தான். ஜெபா என்கிற பெண், "ஏரிக்கா வரோம்? சிக்னலுக்குத்தான வரோம், எங்க பேரையும் எழுது" என்று அவன் வாயை அடைத்தாள். அத்தோடு விடாமல், எஸ்தர் பெயரையும் எழுதச் சொன்னாள். வராதவளுக்கு எதற்குச் சீட்டு, அவளிடம் போனே இல்லையே என்று இரண்டு மூன்று பேர் முனகினார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். மோசஸ் எஸ்தர் பெயரை எழுதி, சீட்டை மடித்து நண்டுக் கூடைக்குள் போட்டான்.

"வலை கிழிஞ்சி கீதுன்னு ஊட்ல உக்காந்தவன் பேர பாடுல இருந்து எட்த்துருவாங்களா இன்னா?"

எஸ்தரின் பத்து நிமிஷம்

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம். மூன்றாவதாக எஸ்தர் பெயர் வந்தது. மேடை காலியாக நின்றது. பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தார்கள். ஒருவனுக்குப் போனில் ஏதோ பாதி இறங்கி நின்றுவிட்டது போலும், கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்தான். ஆனால் ஏறவில்லை. ஒருவர் ஜெபிக்கும்போது சத்தம் போடாதே என்று கெஞ்ச வேண்டிய கூட்டம் இது.

அந்த நேரம் யோனா தோளில் வலையோடு அந்தப் பக்கம் வந்தார். "இன்னாடா, எல்லாம் சுத்தி நின்னுனு கீறீங்க, ஒருத்தனும் மேல ஏறல?" என்றார். "எஸ்தர் பாடு மாமா" என்றான் மோசஸ். அவள்தான் வரவில்லையே, நீ ஏற வேண்டியதுதானே என்றார் அவர். "அவ பாடு அன்னிக்கி நாங்க எப்டி மாமா வலை போடுறது?" என்றான் இவன். முறை விஷயத்தில் யோனா படு கறார். முறை வந்தும் வலை இறக்காமல் கரையில் உட்கார்ந்திருக்கிறவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. காலி மேடையையே பார்த்தார். பிறகு வலையை மணிக்கம்பத்தடியில் போட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தார். கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர். பின்னால் பாதி பின்னிய சடையோடு எஸ்தர் ஓடி வந்தாள். "பாடு வீணாப் போவக் கூடாது" என்று சொல்லி ரப்பர் பேண்டைப் பிரித்துப் போனைக் கொடுத்தார். போன் செத்துக் கிடந்தது. என் தொழில் கருவியை எடுத்து நீட்டினேன். ஜெபா வயரைச் செருகினாள், திரை வெளிச்சம் வந்தது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் கரையில் இருந்த நாரைகள் எழும்பிப் பறந்தன. எஸ்தர் மேடையில் கால் வைக்கப் போனாள். யோனா கையை நீட்டித் தடுத்தார்.

"செருப்ப கீழ உட்டுட்டு ஏறு, கண்ணு."

எங்கள் சபைக்கு வருகிற விருந்தாளிகள், மணிக்கம்பத்தைச் சுற்றி வரிசையாகக் கிடக்கிற செருப்புகளைப் பார்த்து, இந்தக் காலத்தில் இவ்வளவு பக்தியான பிள்ளைகளா என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள், நானும் திருத்துவதில்லை.