அடுத்த கட்டிலின் தண்ணீர்

தலையாட்டுகிறவர்களை அவள் நம்பவே மாட்டாள். வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு மாத்திரை, பரிசோதனை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் புரியவைப்பதுதான் மருத்துவமனையில் அவள் வேலை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை நன்றாகத்தான் ஆட்டுவார்கள், வாசலைத் தாண்டியதும் காற்றில் பறக்க விட்டுவிடுவார்கள். அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் விடமாட்டாள். வார்டில் அவளுக்கு 'திருப்பிச்சொல் அக்கா' என்றே பெயர். வீட்டிலும் அதே கதைதான். பால் வாங்கப் போகும் கணவர், என்னென்ன வாங்க வேண்டும் என்று வாசலில் நின்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும். "அப்பா என்ன, உன் பேஷண்ட்டா?" என்று மகள் கேலி செய்வாள்.

அன்று தையற்காரர் வீட்டுக்குப் போக வேண்டிய நாள். இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி வந்து சேர்ந்தவர். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்.

"ஒரு நாளைக்கு இந்த ஒரு பாட்டில்தான். டீ, பால் எல்லாம் இதுக்குள்ளயே அடக்கம்," என்று ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். ஆனால் காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்தது. நேற்றைவிட எடையும் கூடியிருந்தது. இப்படியே வீட்டுக்குப் போனால் மறுபடி மூச்சுத் திணறலோடுதான் வருவார், வந்து சேர்ந்தால்.

மனுஷன் கள்ளத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று அக்காவுக்குத் தோன்றியது. தலையணைக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் தையற்காரரின் மனைவி மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பை கண்ணில் பட்டது. உள்ளே வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள்.

"நீங்களாம்மா குடுக்கறீங்க?"

"நான்தான். பக்கத்து கட்டில்காரர்கிட்ட நிறைய குடிங்க, நிறைய குடிங்கன்னு கெஞ்சினீங்களே, கேட்டுட்டுதானே இருந்தேன். அவர் எழுந்து நடக்கறாரு. எங்களுக்கு மட்டும் தண்ணியில கூட கஞ்சத்தனமா? ஆளைப் பார்த்துதானே வைத்தியம் பண்றீங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அவருக்கு சிறுநீரகத்துல கல்லும்மா, தண்ணி குடிச்சாத்தான் வெளிய வரும். இவருக்கு இதயத்துல தெம்பில்ல, குடிக்கிறது உள்ளயே தங்கிடும். எங்க, நீங்க ஒருதடவ சொல்லுங்க."

"நான் சொல்றது இருக்கட்டும். வந்த அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அதை நீங்க திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

அக்கா யோசித்தாள். இந்த அம்மாள் அன்று ஏதோ சொன்னது நினைவிருந்தது. என்னவென்றுதான் நினைவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேட்டரி தீர்ந்த, சர்க்கரை அளவு பார்க்கும் கருவியை ஆட்டிப் பார்த்துக்கொண்டே... ஐயோ, தலையாட்டியிருந்தாள்.

"தெரியலம்மா. நான் காதுல வாங்கல."

"நாக்கு ஒட்டிக்குது, தூக்கத்துல தண்ணி தண்ணின்னு அனத்துறாருன்னேன். கட்டினவ எப்படிம்மா பாத்துட்டு இருப்பேன்? நீங்க தலையாட்டிட்டுப் போயிட்டீங்க."

அக்காவுக்கு அவமானமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கலாம், சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம், அதையும் பாட்டில் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றாள். டாக்டரிடம் சொல்லி இன்று வீட்டுக்குப் போவதை நிறுத்தி வைப்பதாகவும் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டவில்லை.

பிறகு தானே எழுந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக வாஷ்பேசினில் கவிழ்த்தாள். ஒன்றை மட்டும் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"இது எனக்கு," என்றாள்.

அக்காவால் அதை நம்பவும் முடியவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.