எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்

முதலில் வந்தது வலி இல்லை, வாடை. அறைக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். மருமகள் சாந்தியும் அப்படித்தான் நினைத்தாள். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடினாள். அழுகிக்கொண்டிருந்தது என் சதை.

நான் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைத்துப் பிள்ளையை வளர்த்தவள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் மகன் குணா என்னைக் கிள்ளானில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். எல்லாரும் அவனைத் தங்கமான பிள்ளை என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

காலையில் இருவரும் வேலைக்குப் போகும்போது வாசல் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். "சேஃப்டிக்குத்தாம்மா" என்பான். பிசியோதெரபிக்கு (தசைக்கும் மூட்டுக்கும் தரும் பயிற்சி) அழைத்துப் போக அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாக நடந்தால் விழுந்துவிடுவேனாம், நான் பிடித்து நடக்கும் வாக்கரை எடுத்துக்கொண்டு போய் வெளியே காருக்குப் பக்கத்தில் வைத்தான். டயாப்பர் நனையாமல் இருக்கத் தண்ணீரைக் குறைத்தார்கள். நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே, அதற்குத் தூக்க மாத்திரை. எல்லாம் என் நல்லதுக்கு! அந்த நல்லதுதான் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வால் எலும்புக்கு மேலே சிவந்திருப்பதைச் சாந்தி பார்த்தாள், பவுடர் போட்டாள். சிவப்பு கறுப்பானதும் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டாள். அதற்குப் பெயர் படுக்கைப் புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் ரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை செத்துப்போவது). நீங்களும் இப்படிப் படுத்திருப்பவராகவோ, படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவராகவோ இருந்தால், தயவுசெய்து அந்தச் சிவப்பைப் பவுடரால் மூடாதீர்கள்.

தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் அன்று விடிந்ததும் மூத்தவர் கையால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் குளிக்கப் போவார்கள். மற்ற நாளெல்லாம் என்னை மறந்திருந்தாலும் அன்றைக்கு என் கை அவர்களுக்கு வேண்டும். கொடுத்த மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து துப்பிவிட்டேன். தலை தெளிவாக இருந்தது. குணா நல்லெண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலோரம் தரையில் தலை குனிந்து உட்கார்ந்தான்.

அவன் உச்சந்தலையைப் பார்த்தேன். சின்ன வயதில் எண்ணெய் கண்ணில் வழிகிறதென்று அழுதவன். கை தானாக நீண்டது. அப்போது அந்த வாடை வந்தது.

"நான் குளிச்சு மாசக்கணக்கா ஆச்சு குணா. முதல்ல என்னைக் குளிப்பாட்டு. அப்புறம் உனக்கு எண்ணெய் வைக்கிறேன்."

"சாயங்காலம் பார்க்கலாம்மா. ஓப்பன் ஹவுஸுக்கு ஆளுங்க வந்துடுவாங்க. நல்ல நாள் அதுவுமா அடம் பிடிக்காதீங்க லா."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவன் எண்ணெய் இல்லாமலே எழுந்து போனான், அறைக் கதவைச் சாத்திவிட்டு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஓப்பன் ஹவுஸ் அன்று கிரில்லைப் பூட்டி வைக்க முடியாது. அக்கம்பக்கத்தார் வருவதும் சாப்பிடுவதுமாக இருப்பார்கள். "அம்மா தூங்குறாங்க" என்று குணா ஒவ்வொருவரிடமும் சொல்வது கேட்டது. பக்கத்து வீட்டு ரொஹானாவின் குரல் கேட்கும்வரை காத்திருந்தேன். அவள் மறைத்துப் பேசத் தெரியாத மலாய்க்காரி. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ரயில் சத்தத்தை மீறி வாடிக்கையாளரைக் கூப்பிட்ட தொண்டை என்னுடையது. "ரொஹானா! தோலோங்!" என்று மலாயிலேயே உதவி கேட்டுக் கத்தினேன். முறுக்குத் தட்டோடு கதவைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்திய கையை எடுத்துவிட்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நம்ம தமிழ்ப் பெண். அவள் என்னைக் கேட்க, குணா பதில் சொன்னான். "அவங்க பிடிவாதம் டாக்டர். திரும்பிப் படுக்க மாட்டாங்க." அவள் அவனை வெளியே நிற்கச் சொன்னாள்.

"ஆன்டி, பகல்ல உங்களை யாரு பார்த்துக்கிறது?"

வாய் வரைக்கும் வந்தது, என் மகன் நல்லவன் என்று. விழுங்கினேன்.

"பூட்டுதான் பார்த்துக்கிச்சும்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரையும் மாத்திரையையும் விடவில்லை.

செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். புண்ணுக்கு மருந்து வைக்கும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். தாதியர் சிரித்தார்கள். தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள், அதற்கே ஒருமுறை அழுதேன். போலீஸ் ரிப்போர்ட் செய்தபோது சொந்தக்காரர்கள் வார்டுக்கே வந்தார்கள். "பெத்த பிள்ளை மேலயா?" என்று கேட்டார் என் அண்ணி. "பெத்த தாயைத்தானே அண்ணி பூட்டினான்?" என்றேன். அவர் கொண்டுவந்த ஆரஞ்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சாப்பிட்டேன். புண் ஆறச் சத்து வேண்டுமே.

இப்போது பிரிக்பீல்ட்ஸில், பழைய தையல் கடைத் தோழி லெட்சுமியோடு இருக்கிறேன். புண் இருந்த இடம் குழியாக இருக்கிறது. விரலால் தொட்டால் உணர்ச்சி கிடையாது, மழை நாளில் மட்டும் இழுக்கும். முன்பு எனக்கு நேரம் என்பது கிரில் பூட்டும் சத்தமும் திறக்கும் சத்தமும்தான். இப்போது தாகம் எடுத்தால் ஒரு நேரம், நடக்கத் தோன்றினால் ஒரு நேரம். வாக்கரைத் தட்டிக்கொண்டு கீழே போய் வடை வாங்கி வருகிறேன்.

இந்தத் தீபாவளிக்கு விடிந்ததும் குணா வந்தான். கையில் எண்ணெய்க் கிண்ணம். லெட்சுமி வீட்டுக் கிரில்லுக்கு வெளியே நின்றான், தலை நரைத்திருந்தது. பாசம் அற்றுப்போகவில்லை, பயமும் போகவில்லை. எண்ணெய் வைப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது.

"இருப்பா. நான் இன்னும் குளிக்கல" என்றேன்.

குளியலறைக் கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, என் தலைக்கு நானே எண்ணெய் வைத்துக்கொண்டேன். வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். அவசரப்படவே இல்லை.